துருப்பிடித்த 28 போல்ட்டுகள்: தலவாக்கலைக் கராஜ் ஒன்றின் வேலை

கந்தப்பளையில் உள்ள எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு இன்றுவரை உழைத்துவருவது, அப்பா தம் காலத்தில் வாங்கிய 1993ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் கெப் வண்டியாகும். அதன் 2.8 லீற்றர் டீசல் இயந்திரம் இன்றும் சுணங்காமல் ஏற்றம் ஏறுகிறது. சேஸியும் உறுதியாகவே இருக்கிறது. நான்கு சில்லுகளுக்கும் மேலே, மட்காட்டின் விளிம்பைத் தழுவியபடி கறுப்பு பிளாஸ்டிக் வளைவுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. கராஜ்களில் இவற்றைப் பிளேயர் என்பார்கள். ஓவர் பென்டர் என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பூட்டியவை அவை. 2024 டிசம்பர் மழையில், பின்பக்கத்து இடது பிளேயர் ஒரு முனையில் கழன்று, நானுஓயா இறக்கத்தில் டயரோடு உரசத் தொடங்கியபோதுதான், அவற்றைத் தாங்கி நிற்கும் போல்ட்டுகளும் நட்டுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நான் குனிந்து பார்த்தேன். அந்த 28 போல்ட்டுகளையும், அவை இறங்கியிருந்த துளைகளையும் 2025 பெப்ரவரியில் திருத்தித் தந்த கராஜைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

கராஜ் தலவாக்கலை நகரை ஒட்டி, மேல் கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரியும் ஒரு சரிவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, இரண்டு வண்டிகள் நிற்கும் சீமெந்துத் தளம், பின்னால் ஒரு சிறிய பெயின்ட் அறை, அவ்வளவுதான். வேலையை நடத்தும் பாஸும் அவருடைய மருமகனுமாக இருவரே அங்கே உழைக்கிறார்கள். பாராட்டி எழுதினாலும் தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அந்த வீதியில் டிங்கர் வேலை செய்பவர் யார் என்று எந்த ஓட்டோக்காரரிடம் கேட்டாலும் கைகாட்டிவிடுவார்.

மலைநாட்டில் கடல் இல்லை, உப்புக்காற்றும் இல்லை, பிறகு எங்கிருந்து இவ்வளவு துரு வந்தது என்று நானும் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் கறள் என்று சொல்லி அலுத்துக்கொள்வதைக் கேட்டபோதெல்லாம், அது கரையோரத்தவர்களின் தலைவலி என்றே எண்ணியிருந்தேன். பிளேயருக்கும் மட்காட்டுக்கும் இடையே கிடந்ததைப் பாஸ் ஒரு பழைய ஸ்குரூ ட்ரைவரால் கிளறிக் காட்டியபோது காரணம் விளங்கியது. பல வருடத்துச் செம்மண்ணும் தேயிலைச் சருகும் மாட்டெருவின் துகளும் சேர்ந்து, அங்கே ஈரம் காயாத ஒரு திரணையாக இறுகிக் கிடந்தன. 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவையும் தாண்டிக் கந்தப்பளைக்கு வந்தால், வண்டியின் வெளிப்புறம் வெயிலில் காய்ந்துவிடும் நாட்களிலும் இந்தத் திரணை காய்வதில்லை. இரவுப் பனியும் காலை மூடுபனியும் இழந்த ஈரத்தை அதற்குத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அதைவிடக் கொடிய ஒன்றும் அங்கே இருந்தது. நாங்கள் வண்டியில் ஏற்றிவரும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட் ஆகும். கடல் உப்பில் இரும்பை அரிக்கும் அதே குளோரைட் அதிலும் இருக்கிறது. கிழிந்த மூடையிலிருந்து சிந்திய உரத்தைப் பின்தட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதெல்லாம், அந்த உப்புநீரை நாங்களே பின்சில்லு வளைவுகளுக்குள் இறக்கிவிட்டிருக்கிறோம். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் ஏன் இவ்வளவு மோசமாகப் போயிற்று என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் இல்லை.

இதற்கு முன் இதே பிளேயர்களை வேறொரு கராஜில் ஒருமுறை திருத்தியிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அது 2022ஆம் ஆண்டு. எரிபொருளும் உதிரிப்பாகமும் கிடைக்காமல் நாடே தவித்த காலம் என்பதால், அவர்கள்மீது முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது வண்டிக்குக் கேடாகவே முடிந்தது. கழன்று ஆடிய இடங்களில் தகரத்தைத் துளைத்துத் தானே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்குரூக்களை ஏற்றிவிட்டார்கள். துளையிட்ட விளிம்புகளுக்குப் பெயின்ட் பூசவில்லை. அதற்குமேல், பிளேயரின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டையும் சிலிகோன் வைத்து அடைத்தார்கள். பூசும்போது வினாகிரி மணம் வீசும் சிலிகோன் அது. அந்த மணம் அசெற்றிக் அமிலத்தினுடையது. அந்த வகைச் சிலிகோன் உலரும்போது வெளியாகும் அமிலம் பெயின்ட் போன இரும்பைத் துருவேற்றும். கீழ்விளிம்பையும் அடைத்ததால், உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியும் இல்லாமல் போயிற்று. வெளியிலிருந்து பார்க்க மிக நேர்த்தியாக இருந்த அந்த வேலை, மூன்று மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை.

புதிய வண்டி வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது; திறந்த பிறகும் வரிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் விலைகள் ஒரு மரக்கறித் தோட்டத்தின் வருமானத்துக்குள் அடங்குவன அல்ல. இருக்கிற வண்டியை இருக்கிறபடி காப்பாற்றுவதே வழி என்ற நிலையில், மட்காட்டுத் தகரம் முழுவதும் போவதற்குள் இந்தப் போல்ட்டுகளைச் சரிசெய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முதல் நாள் பாஸ் விலை சொல்ல மறுத்தார். வண்டியைக் கழுவி, நான்கு சில்லுகளையும் கழற்றி, ஒரு பிளேயரையாவது இறக்கிப் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார். பல கராஜ்களில் நின்றபடியே ஒரு தொகை சொல்லிவிடுவார்கள் என்பதால் எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. 28 போல்ட்டுகளையும் புதிதாக மாற்றினால் போதாதா என்று கேட்டேன். “போல்ட்டு கடையில கிடைக்கிற சாமான் டீச்சர். ஓட்டை போச்சுன்னா மட்காட்டே போச்சு. அதத்தான் மொதல்ல பாக்கணும்,” என்று சொல்லிவிட்டு, கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே போய்விட்டார். அன்று அவர் செய்ததெல்லாம் மண்ணைச் சுரண்டி எடுத்ததும், ஒவ்வொரு போல்ட்டின் பின்புறத்துக்கும் துரு இளக்கும் எண்ணெயை விட்டதும்தான். மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை விட்டார். சிலர் அசெற்றோனையும் ஓட்டோமெட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எப். எண்ணெயையும் சரிபாதி கலந்து துருவை இளக்கப் பாவிப்பார்கள். துருப்பிடித்த நட்டுகளில் அது நன்றாகவே ஊடுருவும் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அசெற்றோன் பெயின்டையும் பிளேயரின் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும் என்பதால், பிளேயர் வண்டியில் இருக்கும்வரை அதைக் கிட்டவும் கொண்டுவர மாட்டேன் என்றார்.

மறுநாள் நடந்த வேலையை நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அமர்ந்து முழுவதும் பார்த்தேன். பாடசாலை விடுமுறை நாளாக இருந்தது அதிர்ஷ்டம். போல்ட்டுகள் எல்லாம் ஆறு மில்லிமீற்றர் மரை கொண்டவை. தலைக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பெனர். போல்ட்டின் தலையில் மாட்டித் திருப்பும் சொக்கட்டுகளில், பாஸ் பன்னிரண்டு பட்டைச் சொக்கட்டை ஒதுக்கிவிட்டு ஆறு பட்டைச் சொக்கட்டைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு பட்டைச் சொக்கட் தலையின் மூலைகளில் மட்டும் பிடிப்பதால், துருத்தின்று சிறுத்த தலையை மழுக்கிவிடும். ஆறு பட்டை முகங்களைப் பற்றிப் பிடிக்கும். பிறகு போல்ட்டைக் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்தார். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மரையின் இடுக்குகளில் அது ஆப்பு அடித்ததுபோல இறுகியிருக்கும். அந்த ஆப்பை முதலில் நொறுக்க வேண்டும். நொறுங்கியதும் கால் சுற்றுக் கழற்றுவார், எண்ணெய் விடுவார், திரும்ப அரைக்கால் சுற்று இறுக்குவார். முன் இடப்பக்கத்து மூன்றாவது போல்ட்டில், மரையின் வாயிலிருந்து முதலில் உலர்ந்த பழுப்புத் தூள் உதிர்ந்தது. எண்ணெய் பட்டதும் அது குழைந்து, வெற்றிலைச் சாறுபோலச் செந்நிறமாக மட்காட்டில் வழிந்தது. ஸ்பெனரை எடுத்துவிட்டுத் தம் சுட்டுவிரலைப் போல்ட்டின் தலையில் வைத்துப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. சூடு ஏறினால் மரை உராய்கிறது என்று பொருள், அந்த நிலையில் மேலும் திருப்பினால் போல்ட் அறுந்துவிடும் என்று விளக்கிவிட்டு, அதை ஆறவிட்டு அடுத்ததற்குப் போனார். அந்த ஒரு போல்ட்டுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் சென்றன. ஆனால் முழுதாக வந்தது.

எல்லாமே அப்படி வந்துவிடவில்லை. 28இல் 11 முழுதாகக் கழன்றன. 10 அறுந்தன. மீதி 7, போல்ட்டோடு சேர்ந்து உள்ளே இருந்த நட்டும் சுற்றியதால் இறங்க மறுத்தன. முன்பக்க மட்காட்டில் பின்னால் கையை விட்டு நட்டைப் பிடித்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில் வெளித்தகரத்துக்கும் உள்வளைவுக்கும் இடையே கை போகாது என்பதால், அங்கே தகரத்தின் உட்புறத்தில் நட்டுகள் வெல்ட் செய்யப்பட்டிருந்தன. அந்த வெல்டைத்தான் துரு தின்றிருந்தது. இப்படிச் சுற்றும் போல்ட்டுகளின் தலைகளை மெல்லிய டிஸ்க்கால் வெட்டி எடுத்தார்கள். பொறி தெறித்து பிளேயர் உருகிவிடாதபடி ஒரு தகரத் துண்டையும் ஈரச் சாக்கையும் இடையில் வைத்துப் பிடித்திருந்தது மருமகன். காஸ் சுடரால் சூடேற்றினால் சீக்கிரம் முடியும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் சுடர் வேண்டாம் என்று பாஸ் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். நான்கு பிளேயர்களும் ஒரு வெடிப்பும் இல்லாமல் இறங்கின. முப்பது வருடப் பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். புதிது வேண்டுமென்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி அலைய வேண்டியிருக்கும். கிடைத்தாலும் நான்கும் ஒரே அச்சில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பிளேயர்கள் இறங்கிய பிறகுதான் உண்மையான சேதம் தெரிந்தது. 19 துளைகளைச் சுற்றி மேல்துரு மட்டுமே இருந்தது. 6 துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து பெருத்திருந்தன. 3 துளைகளில், எல்லாம் பின்பக்கம், தகரம் பிஸ்கட்போல உதிர்ந்தது. பாஸ் ஒரு சிறிய சுத்தியலின் முனையால் ஒவ்வொரு துளையின் சுற்றையும் தட்டித் தட்டிக் கேட்டார். நல்ல தகரம் கணீரென்றது, போன தகரம் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, அதன் பிறகே விலை சொன்னார்: முதலில் மதிப்பிட்டது 30,000 ரூபா, வெல்டிங் சேர்ந்தால் 35,000ஐச் சற்றுத் தாண்டும். செய்யட்டுமா என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

இந்தத் துளைகளை அவர் திருத்திய விதத்துக்காகவே இந்தக் கராஜை நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போன தகரத்தின்மேல் புட்டி வைத்து மெழுகுவது எளிது. ஒரு பெரிய வொஷரைப் போட்டு மறைப்பது அதைவிட எளிது. அவர் அந்த மூன்று இடங்களிலும் நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, ஒரு மில்லிமீற்றர் தகரத்தில் அதே அளவுக்குத் துண்டு வெட்டிப் பதித்து, வெல்ட் செய்தார். தொடர்ந்து ஒரே கோடாக வெல்ட் செய்தால் மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்ப்பக்கம் என மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே ஆறவிட்டார். பின்பக்கத்து 14 துளைகளிலும் பழைய வெல்ட் நட்டுகளுக்குப் பதிலாக ரிவெட் நட்டுகளைப் பொருத்தினார். வெளியிலிருந்தே துளைக்குள் செலுத்தி, கைக்கருவியால் இழுத்தால் பின்னால் புடைத்துத் தகரத்தைக் கவ்விக்கொள்ளும் நட்டு இது. ஆறு மில்லிமீற்றர் மரைக்கு ஒன்பது மில்லிமீற்றர் துளை வேண்டும். அந்தத் துளையின் சுற்றில் திடமான தகரம் இருந்தால் மட்டுமே அது நிற்கும், துருவேறிய தகரத்தில் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது நட்டும் சேர்ந்து சுற்றும். ஆகவே முதலில் தகரம், பிறகு நட்டு என்ற அவருடைய வரிசை மிகச் சரியானது.

மேல்துருவைக் கம்பிச் சக்கரத்தால் எடுத்து, மீதிக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசினார். இரும்பின் குழிகளில் ஒட்டியிருக்கும் துரு அதில் கரைந்து, மேற்பரப்பு சாம்பல் கறுப்பாக மாறும். பிறகு கழுவி, உலர்த்தி, துத்தநாகம் செறிந்த பிரைமர் பூச வேண்டும். இந்த உலர்த்தும் இடத்தில்தான் மலைநாடு தன் வேலையைக் காட்டியது. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஐந்தாம் நாளே கைக்கு வந்தது. பெப்ரவரி எங்களுக்கு வறண்ட மாதமென்றாலும், அந்த வாரம் பிற்பகலானால் நீர்த்தேக்கத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து கராஜையே மூடியது. குளிர்ந்த தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் நிற்கும். அதன்மேல் பிரைமர் அடித்தால் மேலே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே துருவை அடைகாக்கும். ஆகவே காலை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வெயில் பட்ட நேரத்தில் மட்டுமே அடித்தார். அடிப்பதற்கு முன் ஹலஜன் விளக்கைப் பக்கத்தில் வைத்துத் தகரத்தைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாகும் வரை காய்ச்சினார். அந்த நாட்களில் கரட் மூடைகளை ஏற்ற வாடகை லொறி பிடிக்க வேண்டியிருந்தது எனக்கு நட்டம்தான். ஆனாலும் அவசரப்படுத்தாமல் இருந்தது நல்லதாயிற்று. என் குறை ஒன்றுதான்: தாமதமாகும் என்பதை அவர் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். நான் மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து, வெறுங்கையுடன் திரும்பிப் போனேன்.

எந்தப் போல்ட் போடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு சிறு வாதம் நடந்தது. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத உருக்கில் போட வேண்டும், பணத்தைப் பற்றிக் கவலையில்லை என்றேன். பின்பக்கத்துக்கு அது வேண்டாம் என்றார் பாஸ். அங்கே இருக்கும் ரிவெட் நட்டு துத்தநாகம் பூசிய சாதாரண உருக்கு. ஈரத்தில் அதனோடு துருப்பிடிக்காத உருக்கு சேர்ந்தால், நட்டின் துத்தநாகமும் பிறகு அதன் இரும்பும் வேகமாக அரிபடும், போல்ட் மட்டும் பளபளவென்று இருக்கும் என்பது அவர் வாதம். இரு வேறு உலோகங்களுக்கு இடையே மின்னோட்டத்தால் நிகழும் அரிப்பைப் பற்றி நான் வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். அதைத் தம் அனுபவத்திலிருந்து அவர் சொன்னபோது மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பின்பக்கத்துக்குத் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளும், முன்பக்கத்தில் போல்ட், நட் இரண்டுமே துருப்பிடிக்காத உருக்கிலும் என முடிவாயிற்று. முன்பக்கத்தில் தகரத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வொஷர் வைத்தார். துருப்பிடிக்காத போல்ட்டும் அதே வகை நட்டும் உலர்ந்த நிலையில் இறுகினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கழற்றவே முடியாமல் போகும் என்பதால், மரைகளுக்கு அதைத் தடுக்கும் வழுக்குப் பசையையும் பூசினார். கொழும்பிலிருந்து வந்த பொதியை உடைத்ததும், பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து எடுத்த காந்தத்தை ஒவ்வொரு போல்ட்டின்மேலும் காட்டினார். துருப்பிடிக்காத உருக்கில் 304 என்று குறிக்கப்படும் நல்ல தரத்துப் போல்ட்டைக் காந்தம் சற்றே இழுக்கலாம், கவ்விப் பிடிக்காது. அந்தச் சோதனையில் இரண்டு போல்ட்டுகள் கவ்விக்கொண்டன. அவற்றை ஒதுக்கிவிட்டு, தம்மிடமிருந்த வேறிரண்டைப் போட்டார்.

பூட்டும்போது கையிறுக்கம் எவ்வளவு என்பதிலும் அவருக்குக் கணக்கு இருந்தது. ஆறு மில்லிமீற்றர் போல்ட் சாதாரணமாகப் பத்து நியூட்டன் மீற்றர் இறுக்கம்வரை தாங்கும். பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் இடத்தில் அதில் பாதிகூட வேண்டியதில்லை, மீறினால் பிளேயர் துளையைச் சுற்றி வெடிக்கும். சிறிய ரச்செட்டின் கழுத்தை இரண்டு விரல்களால் பிடித்தே இறுக்கினார். பிளேயரின் மேல்விளிம்பில் இறப்பர் பீடிங் புதிதாகப் போட்டார். கீழ்விளிம்பைத் திறந்தே விட்டார். பின்பக்கத்து இரட்டைத் தகரத்தின் உட்புறத்துக்கு மெழுகுத் தெளிப்பு அடித்தார். ஐநூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை வந்து இறுக்கிக்கொள்ளச் சொன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மொத்தம் 35,400 ரூபா ஆயிற்று: கூலி 22,000, சாமான்கள் 13,400. வெல்டிங்கோடு ஐந்து நாள் வேலைக்கு இது நியாயமான தொகை என்றே நினைக்கிறேன். குறைகளையும் எழுதிவிடுகிறேன். பில் எழுதித் தரும் வழக்கம் அங்கே இல்லை. இரண்டு முறை கேட்ட பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தார். காத்திருப்பதற்கு அந்த ஒரு ஸ்டூலைத் தவிர இடமில்லை; பெண்கள் தனியாக நாள் முழுவதும் இருக்கக் கழிப்பறை வசதி சரியில்லை, பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் சமாளித்தேன். பின் விளக்கின் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருந்தது. காட்டியதும் மருமகன் துடைத்துவிட்டார். வெல்ட் செய்த இடங்களின் வெள்ளை நிறம், வண்டியின் முப்பது வருட வெள்ளையோடு சரியாகச் சேரவில்லை. பிளேயர் மறைப்பதால் எனக்கு அது பொருட்டில்லை, ஆனால் திறந்த இடத்தில் பெயின்ட் வேலை கொடுக்க நினைப்பவர்கள் நிறத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அவசரமாக ஒரே நாளில் வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கராஜ் ஒத்துவராது.

மே முதல் செப்டம்பர்வரை தென்மேல் பருவமழை முழுவதையும் வண்டி தாங்கி முடித்த பிறகு, ஒக்டோபர் முதல் வாரத்தில், நானே 10 மில்லிமீற்றர் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்கார்ந்தேன். முன் வலப்பக்கத்தில் ஒரு போல்ட், பின் இடப்பக்கத்தில் ஒன்று. முன்பக்கத்துப் போல்ட் முதல் அசைவிலேயே இளகி, மீதியை விரலாலேயே சுற்றி எடுத்தேன். மரையில் பூசிய பசை அப்படியே இருந்தது. பின்பக்கத்துப் போல்ட்டின் தலையில் மட்டும் துத்தநாகம் வெண்மையாகப் பூத்திருந்தது. மரை சுத்தமாக இருந்தது, ரிவெட் நட்டும் அசையவில்லை. கீழ்விளிம்பின் திறந்த வழியே ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். மண் சேர்ந்திருந்தது, ஆனால் இறுகியிருக்கவில்லை. குழாயைப் பிடித்ததும் கரைந்து வழிந்தது. இப்போது உரம் ஏற்றும் நாட்களில் பின்தட்டில் தார்ப்பாய் விரித்துவிட்டே மூடைகளை அடுக்குகிறோம். வெள்ளைப் பூத்த அந்தப் போல்ட்டை ஒரு கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை தலவாக்கலைக்குப் போகும்போது பாஸிடம் காட்டி, பின்பக்கத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதா, இரண்டு வருடம் விடலாமா என்று கேட்க வேண்டும்.